சம்பந்திக்குச் சம்பளம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் என் மகளும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். வழக்கமாக இதற்குப் பிறகு மழை, வெயில் பற்றி நாலு வரி எழுதுவேன். இந்தத் தடவை அதற்கு மனசும் இல்லை, விரலும் இல்லை. வலது கட்டை விரலில் பெரிய கட்டு. இடது கையால் எழுதுகிறேன், எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் ஒன்று சொன்னால், உங்கள் அத்தை பக்கத்தில் நின்று அதைத் திருத்தி வேறொன்றாக்கிவிடுவாள். அதோடு விஷயம் உங்கள் அப்பாவைப் பற்றியது. பதறாதீர்கள், அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்புக்கு வந்ததெல்லாம் எனக்குத்தான்.

மின்சார அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நான் பின்பக்க அறையில் உட்கார்ந்து தூண்டில் சாமான்கள் செய்து, கடைத்தெருவில் தூண்டில் கடைக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். மரத்தைச் செதுக்கிப் பொய்மீன் செய்வதிலும், தக்கைக்குச் சாயம் பூசுவதிலும் என்னை ஒருத்தர் குறை சொல்ல முடியாது. என் பொய்மீனைப் பக்கத்து வீட்டுப் பூனை கவ்விக்கொண்டு ஓடியிருக்கிறது. முடிச்சு மட்டும் எனக்கு வராது. நான் தூண்டில் முள்ளில் கட்டிய நைலான் நரம்பு நான் பார்க்கிறவரை ஒழுங்காக இருக்கும், மீன் பார்த்ததும் அவிழ்ந்துவிடும். ஒருவர் ஏரிக்கரையிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, முள்ளில்லாத வெறும் நரம்பை மேஜைமேல் போட்டு, மீன் போனால் போகட்டும், இதைக் கட்டின ஆளை மட்டும் எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் நல்ல மனுஷர், காட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் அப்பா கை கொடுத்தார். உங்கள் அம்மா போனபிறகு அடுத்த தெருவில் அந்த வீட்டில் தனியாக இருக்கிறவர், காலையில் பேப்பர் படிக்க நம் வீட்டுக்கு வருவார். பேப்பர் எத்தனை நேரத்துக்குத் தாங்கும்? ஒருநாள், "சும்மா உக்காந்திருக்க முடியல சம்பந்தி, கைக்கு ஏதாவது குடுங்க" என்றார். முள்ளையும் நரம்பையும் கொடுத்தேன். ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்ட கை அல்லவா. அவர் கட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும் மாப்பிள்ளை. முள்ளை நோகாமல் பிடித்து, நரம்பைச் சுற்றி, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இழுத்து இறுக்கி, "அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு" என்று அதற்கும் ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் நுனியை வெட்டுவார். இப்போதெல்லாம் கடைக்காரர் என் மீனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறார். சரக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் உங்கள் அப்பாதான்.

இதிலிருந்துதான் என் தூக்கம் கெட்டது. அவர் உழைக்கிறார், நான் வாங்கிப் பெட்டியில் வைக்கிறேன். மாப்பிள்ளையைப் பெற்றவரை உட்கார வைத்து உபசரிக்க வேண்டிய நான், உட்கார வைத்து வேலை வாங்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அத்தையிடம் யோசனை கேட்டேன். கொடுக்காவிட்டால் அவரைச் சுரண்டுகிறீர்கள், கொடுத்தால் அவரை வேலைக்காரராக்குகிறீர்கள், பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

பார்த்துத்தான் செய்தேன். முதலில், பெயர் எதுவும் எழுதாமல் ஒரு உறையில் பணத்தைப் போட்டு, அவர் உட்காரும் இடத்தில் வைத்தேன். அவர் அதைப் பேரனின் பிறந்தநாளுக்கு நான் கொடுத்தது என்று எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கும் கொஞ்சம் போட்டு, ஒரு சைக்கிளாக உங்களுக்கு அனுப்பிவைத்தார். ஆகவே நீங்கள் இரண்டு தாத்தாக்களுக்கும் நன்றி சொன்னீர்களே, அந்தச் சைக்கிள் முழுக்க முழுக்க ஒரே தாத்தாவின் உழைப்பு. அடுத்த தடவை உஷாராக, ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைப் பையில் பணத்தைச் செருகினேன். கிளம்பும்போது சட்டையைப் போட்டவர் பணத்தைப் பார்த்து, துவைத்து மடிக்கும்போது தவறி வந்திருக்கும் என்று, தன் துணிகளையும் சேர்த்துத் துவைக்கும் உங்கள் அத்தையிடமே கொடுத்துவிட்டார். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அவர் தலை மறைந்ததும், எனக்குத் தெரியாமல் உங்களிடம் பணம் எப்படி வந்தது என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நான் பட்ட பாட்டை எழுத ஆரம்பித்தால் தபால் தலை போதாது.

சுற்றி வளைப்பது நமக்கு ஒத்துவராது என்று போன வாரம் நேராகவே கேட்டுவிட்டேன். அங்கேதான் எனக்குள் இருந்த ஆபீஸ்காரன் விழித்துக்கொண்டான். சம்பந்தி, இனிமேல் உங்களுக்கு மாதச் சம்பளம் என்றேன். தொகையைச் சொன்னேன், தாராளமாகவே சொன்னேன். வாரத்துக்கு ஒருநாள் லீவு, உடம்பு சரியில்லையென்றால் சம்பளத்தோடு லீவு, வருஷக் கடைசியில் போனஸ் என்று என் வாய் தன்னால் அடுக்கிக்கொண்டே போனது. அவர் கையிலிருந்த முள்ளைக் கீழே வைத்தார். "என்னைப் பத்தி இப்படித்தான் நினைச்சிருக்கீங்களா சம்பந்தி" என்று கேட்டார். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பேப்பர் மட்டும் வந்தது.

சரக்குக்குக் கெடு நெருங்கியதால் நானே கட்ட உட்கார்ந்தேன். முடிச்சு இறுகவில்லை, முள் இறுகிவிட்டது, கட்டை விரலில். டாக்டரிடம் போகலாம் என்றுதான் புறப்பட்டேன், கால் உங்கள் அப்பா வீட்டு வாசலில் போய் நின்றது. கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார். வலிக்காமல் எடுத்து, மருந்து வைத்து, கட்டுப் போட்டு, "அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு" என்றார். அதோடு எழுந்து வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். என் புத்தி இருக்கிறதே, பழக்க தோஷத்தில், எவ்வளவு ஆச்சு சம்பந்தி என்று கேட்டுவிட்டேன். அவர் மருந்துப் பெட்டியை மூடினார். கட்டை மாற்ற நானே வருகிறேன் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை, அந்த வீட்டில் நான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மின்விசிறி ஸ்விட்சைப் போட்டால் சுற்றுவதில்லை, பென்சிலால் றெக்கையைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கக் கம்பி இல்லை, அந்த இடத்தில் நம் தூண்டில் நரம்பைக் கட்டியிருக்கிறார். நீங்கள் கேட்டால், எனக்கென்னப்பா குறை என்பார். அவர் சம்பாதித்த பணம் என் பெட்டியில் கிடக்கிறது, அவர் பென்சிலோடு நிற்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இல்லாமல் வேலை ஓடவில்லை என்பது கிடக்கட்டும், அவர் இல்லாமல் எனக்குப் பொழுதே ஓடவில்லை. பெண்ணைக் கொடுத்துச் சம்பந்தியானோம், இந்தப் பாழாய்ப்போன முள்ளுக்கும் நரம்புக்கும் நடுவில் எப்படியோ சிநேகிதர்களாகிவிட்டோம், அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அவருடைய பங்கை மாதாமாதம் நான் உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் அதை, உங்களுக்குச் சம்பளம் கூடியிருக்கிறது என்று சொல்லி, வழக்கமாக அனுப்பும் பணத்தோடு சேர்த்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். காதும் காதும் வைத்த மாதிரி முடிய வேண்டும். என் மகளிடமும் சொல்ல வேண்டாம், அவள் அம்மாவிடம் சொல்வாள். முக்கியமாக உங்கள் அப்பா காதுக்கு ஒரு எழுத்துகூடப் போகக் கூடாது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு, எங்களைப் போல எடக்குமடக்கான யோசனை எதுவும் தோன்றாமல் நன்றாக இருக்க வேண்டும். பேரனுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பின்குறிப்பு: இதற்குக் கீழே எழுதுவது உன் அப்பா. கட்டு மாற்ற வந்தேன். இடது கை எழுத்தைத் தபால்காரர் படிக்க மாட்டார், விலாசத்தை நீங்களே எழுதுங்கள் என்று உறையைக் கொடுத்துவிட்டுப் பசை தேட உள்ளே போன உன் மாமனார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பிரித்துப் படித்தது தப்புதான். முழுவதும் படித்துவிட்டேன்.

சம்பளம் என்று சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை. ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிய சம்பளத்தில்தான் நீ வளர்ந்தாய். இவர் சொன்ன தொகைதான் என்னைச் சுட்டது. கடையில் பணம் வாங்கி வருகிறவன் நான், எனக்குத் தெரியாதா? மரம், சாயம், ஈயம் எல்லாம் போக, அவ்வளவையும் எனக்குக் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பெயர் சம்பளம் இல்லை, இரக்கம். செலவு போக மீதியில் ஆளுக்குப் பாதி, அதுதான் நியாயம். அதைக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை, அதனால் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவர் பசையோடு வந்ததும் கேட்டுவிடப் போகிறேன்.

அவர் சொன்ன ஏற்பாடு எதுவும் வேண்டாம். என் காசை என் கையில் கொடுக்கட்டும். இனிமேல் பகலில் எனக்குப் போன் பண்ணாதே. வேலையில் இருப்பேன்.