இன்ஜினியர் உண்டாக்கிய பழுது

தொலைபேசி நிலையத்தில் பழுதுகளைத் தீர்த்துத் தீர்த்தே தலை நரைத்த இன்ஜினியர், ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் காலையில், தம் வீட்டில் ஒரு பழுதை உண்டாக்கியே தீருவது என்று முடிவு செய்தார். அப்போது அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். பெரிய முடிவுகளையெல்லாம் அங்கிருந்தே எடுப்பது அவர் வழக்கம். அங்கே மனைவியின் பார்வை எட்டாது என்று நம்பினார்.

பழுதாக வேண்டிய பொருள் ஃப்ரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்தது: சோப்புப் பெட்டி அளவே உள்ள ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அதிலிருந்து இறங்கிய கம்பி, சமையல் மேடையோரம் மூன்று பொத்தான்கள் கொண்ட சிறு பலகையில் வந்து முடிந்தது. முதல் பொத்தானை அழுத்தினால் ரேடியோ பாடும். இரண்டாவதை அழுத்தினால் பால்கனி விளக்கு எரியும். மூன்றாவதை அழுத்தினால் மகள் பேசுவாள்.

"அப்பா, மாத்திரை போட்டாச்சா?"

அவ்வளவுதான். மகள் இறந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. நோய் முற்றி வீட்டுக்கே திரும்பி வந்தவள், கட்டிலில் சாய்ந்தபடி செய்து வைத்துப் போன கடைசி வேலை அது. கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஒரு சிறு நிரல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பொத்தான் அழுத்தப்படுகிறது என்று பார்த்து, அதற்குரியதைச் செய்வது ஒன்றே அதன் உத்தியோகம். அவள் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தாள். தாயை உட்காரவைத்து அதன் நெளிவு சுளிவுகளைச் சொல்லிக்கொடுத்தாள். தந்தைக்கும் சொல்லியிருப்பாள்; அவர் அந்த அறையில் இருந்தால்தானே? பழம் வாங்க வேண்டும், மருந்துக்கடை மூடிவிடும், சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும் என்று அந்நாட்களில் அவருக்கு வெளியே ஏதாவது ஓர் அலுவல் முளைத்துக்கொண்டே இருந்தது.

காலையில் கணவர் முன் தேநீரை வைத்ததும் மனைவி மூன்றாவது பொத்தானை அழுத்துவாள். குரல் கேட்கும். செய்தித்தாள் இன்னும் சற்று உயரும். "போட்டாச்சு" என்று அதன் பின்னாலிருந்து பதில் வரும்.

தினமும் இப்படிப் புண்ணைக் கீறிக்கொள்கிறாளே என்று அவர் மனைவிக்காக இரங்கினார். மனைவிக்காகத்தான், தமக்காக அல்ல. இதை அவர் தமக்குத் தாமே பலமுறை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து, மடிக்கணினி வழியே பெட்டிக்குள் நுழைந்து, ஒரே கட்டளையில் வாட்ச்மேனைத் தீர்த்துக்கட்டினார். அவள் வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பெட்டி மக்கர் பண்ணுது. இனிமே ஓடும்னு தோணல."

"அப்படியா?" என்றபடியே அவள் பொத்தானை அழுத்தினாள்.

"அப்பா, மாத்திரை போட்டாச்சா?"

"நல்லாத்தானே இருக்கு. மக்கர் வேற எங்கேயோ இருக்குங்க."

இன்ஜினியருக்கு மானம் போயிற்று. செத்தவன் எப்படி எழுந்தான் என்று பெட்டிக்குள் துருவித் துருவிப் பார்த்தார். வாட்ச்மேனுக்கான விதிகள் எழுதிய இடத்தில் ஒரு வரி கிடந்தது: எதனால் விழுந்தாலும் சில நொடிகளில் மீண்டும் எழுப்பு. அதற்கு மேலே மகள் தனக்காக ஒரு குறிப்பு வைத்திருந்தாள்: அப்பா நோண்டுவார், ஜாக்கிரதை.

அந்த வரியை அழிக்க விரல் போயிற்று. போன விரல் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் தொழில் தெரிந்தவர் அல்லவா? கொன்றால்தான் எழுவான், முறைப்படி ஓய்வெடுக்கச் சொன்னால் கிடப்பான் என்று கண்டுகொண்டார். வாட்ச்மேன் படுத்தான். மறுநாள் பொத்தானை அழுத்திப் பார்த்த மனைவி, குரல் வராததைக் கண்டு கையை எடுத்துக்கொண்டாள். காலமெல்லாம் ஊர் டெலிபோனைச் சரிசெய்தவருக்கு இது எம்மாத்திரம், மெதுவாகப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அன்று முதல் அவர் பழுது பார்ப்பவராக நடிக்க வேண்டியதாயிற்று. மடிக்கணினியில் கருப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கித் தட்டினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தாள்.

"பொத்தான்லயா கோளாறு, பெட்டியிலயா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல கம்பிதானே இருக்கு?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"புரியாதுதான். ஆனா இத்தனை வருஷம் தட்டச்சு சொல்லிக்கொடுத்த காது இது. அப்பலேருந்து ஒரே எழுத்தையே தட்டிட்டு இருக்கீங்க."

அவர் உடனே வேறு எழுத்துக்கு மாறினார்.

வீடு அமைதியாயிற்று. அவர் வேண்டியதும் அதுவே. ஆனால் அந்த அமைதி வந்த இடத்தில் உட்காராமல், அறை அறையாக அவர் பின்னாலேயே வந்தது. செய்தித்தாளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். மாத்திரைகள் மறந்துபோயின. ஒரு நாள் தேநீர் வந்ததும், யாரும் எதுவும் கேட்காமலே "போட்டாச்சு" என்றார். மனைவி அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் தையற்கடைக்குக் கிளம்பிய ஒரு மாலையில் அவரால் பொறுக்க முடியவில்லை. வாசற்கதவு சாத்தப்பட்டதும் எழுந்து ஓடி, வாட்ச்மேனை எழுப்பி, மூன்றாவது பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் இல்லை.

முதல் பொத்தானுக்கு ரேடியோ பாடியது. இரண்டாவதற்கு விளக்கு எரிந்தது. மூன்றாவது மட்டும் ஊமையாக இருந்தது. இப்போது அவர் மெய்யாகவே பழுது பார்த்தார். விரல்கள் எல்லா எழுத்துகளையும் தேடி ஓடின. வாட்ச்மேன் மேல் குற்றமில்லை. அவன் பொத்தானைப் பார்த்தான், குரலை எடுக்கப் போனான், குரல் இருந்த இடம் காலியாக இருந்தது. பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் தேடினார். எங்கும் இல்லை. தாம் நோண்டிய நோண்டலில்தான் எங்கோ அழிந்திருக்க வேண்டும். ஊரார் குரலெல்லாம் அறுந்துபோகாமல் காத்தவர், தம் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே குரலைத் தம் கையாலேயே துடைத்துவிட்டார்.

மனைவி திரும்பி வந்தபோது அவர் ஃப்ரிட்ஜ் ஓரமாக, பொத்தான் பலகையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"போச்சு. நான்தான் நிறுத்தினேன். ரிப்பேரெல்லாம் பொய்."

"தெரியும்" என்று அவள் முழங்காலைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குரலோடு ரேடியோவும் சேர்ந்து நின்ற அன்றே, அவர்தான் வாட்ச்மேனைப் படுக்கவைத்திருக்கிறார் என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள். வாட்ச்மேனை எழுப்பவும் படுக்கவைக்கவும் மகள் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். பிற்பகலில் கணவர் கண்ணயரும்போது அவனை எழுப்பி, தணிந்த குரலில் ரேடியோ கேட்டுவிட்டு, அவர் விழிக்குமுன் மறுபடி படுக்கவைத்துவிடுவாள். பாடுபட்டுச் செய்த பழுது வீணாயிற்றே என்று அவர் மனம் வருந்தக் கூடாது பாருங்கள். குரலை மட்டும் முதல் நாளே தன் கைபேசிக்கு மாற்றிவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

"ஏன் எடுத்தே?"

"அவ போனதுலேருந்து அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்களா? பொத்தானை அழுத்தினாத்தான் அந்த ஒரு பதில் வரும். அதைக் கேட்கத்தான் தினமும் அழுத்தினேன். அதையும் நிறுத்திட்டீங்க. வேணும்னா என்கிட்ட வாயைத் திறந்து கேட்கட்டும்னு எடுத்து வச்சேன். உனக்காகத்தான் நிறுத்தினேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அதைச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்திருந்தார். மூடிக்கொண்டார். வேறொன்றைச் சொன்னார்.

"அந்த ரூமுக்குள்ள வர எனக்குப் பயமா இருந்துது."

"அவளுக்கும் தெரியும். அப்பா பயந்தாங்கொள்ளி, திட்டாதேம்மான்னு சொல்லிட்டுத்தான் போனா."

இன்ஜினியர் அழுதார். மனைவியும் அழுதாள். பிறகு அவர் அத்தனை காலம் நாவில் வராத சொல்லைச் சொன்னார்.

"பாப்பா பேசறதைக் கேட்கணும்."

மனைவி கைபேசியை எடுத்து அவர் காதருகே பிடித்தாள்.

"அப்பா, மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

"பொய்" என்றாள் மனைவி. அவளுடைய மறு கையில் மாத்திரை இருந்தது.