பொதுமக்கள் பதினைந்து பேர்

இதனால் சேர்வராயன் மலைவாழ் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: 1984-ஆம் ஆண்டு முடிவதற்குள் இம்மலையில் தேனீயைப் பற்றி அறியாத ஆத்மா ஒன்றுகூட மிஞ்சலாகாது. அதன்பொருட்டுத் தேனீ வளர்ப்போர் அனைவரும் பயிற்சி பெற்று, தேர்ச்சியடைந்து, ‘தேனீப் பொதுப் போதகர்’ என்னும் பட்டத்தோடு மக்களுக்கு அறிவூட்டக் கடவர்.

இந்த அறிவிப்பில் மாட்டிக்கொண்டவர் வாழவந்தி ஐயாக்கண்ணு. காரணம், அந்த ஊரில் நிஜமாகவே தேனீ வளர்த்தவர் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை மழை பெய்தது. மழை விழுந்த ஒன்பதாம் நாள் காப்பி பூக்கும். மூன்றே நாளில் வாடிவிடும். அதற்குள் அவருடைய எட்டுத் தேனீப் பெட்டிகளும் நாலு மைல் தள்ளியிருந்த எஸ்டேட்டுக்குள் போயாக வேண்டும். வீட்டைச் சுற்றிப் பூ என்று பேருக்குக்கூட இல்லை. மாசி முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பார்த்தார். இன்னும் பட்டினி போட்டால் தேனீ கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

ஆனால் எஸ்டேட் கேட்டில் புதுச் சட்டம்: பட்டம் உள்ளவர் பெட்டிக்கு மட்டுமே அனுமதி.

“பட்டம் வேணும்னா பதினைந்து பொதுமக்கள் முன்னால பத்து நிமிஷம் பேசணும்,” என்றார் பயிற்சி அலுவலர் சிகாமணி. “அவங்க பட்டம் வாங்காதவங்களா இருக்கணும். அறிவு பெற்றவங்களுக்கே திரும்ப அறிவு குடுத்தா அது விரயம் பாருங்க.”

“பதினஞ்சு பேருதானுங்களே? எங்க ஊர்லயே கூட்டியாறனுங்க.”

ஊருக்குள் போனார். சித்தன் வீட்டுச் சுவரில் பட்டம் தொங்கியது. அத்தாயி அதை அரிசிப் பானைக்கு மூடியாக வைத்திருந்தாள். போன வருஷப் பயிற்சியில் மூன்று நாளும் கறிச்சோறாம், ஊரே போயிருக்கிறது. ஐயாக்கண்ணு மட்டும் அந்த மூன்று நாளும் தேனீயோடு இருந்துவிட்டார்.

“நீயாச்சும் வந்து உக்காரு புள்ள,” என்றார் மனைவி பாவாயியிடம்.

“நானும் பாஸுங்க. சொன்னா ஏசுவீங்கன்னு டிரங்குப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கறன்.”

“ஈயைக் கண்டா ஊட்டுக்குள்ள ஓடிப் பூந்துக்குவியே!”

“அதை யாருங்க கேட்டா? நொம்பத் தெளிவாப் பேசறேன்னு சாரு சொன்னாரு.”

ஐந்தாம் நாள் மலையடிவாரத்துக் குப்பனூருக்கு இறங்கி, சொந்தக்காரர்கள் பதினைந்து பேரைக் கெஞ்சிக் கூத்தாடி பஸ் ஏற்றிக் கொண்டுவந்தார். அவர்களைப் பயிற்சிக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, காட்டுவதற்கு ஒரு பெட்டி எடுத்துவர வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது பதினைந்து பேர் கையிலும் ஆளுக்கொரு காகிதம்.

“சும்மாதானே உக்காந்திருந்தாங்க,” என்றார் சிகாமணி. “ஒருத்தர் பேச, வாட்ச்மேனோட சேர்த்து மத்தவங்க கேட்டாங்க. எல்லாருக்கும் பட்டம் குடுத்தாச்சு.”

“ஏனுங்க, அவங்க என்னோட பொதுமக்களுங்க!”

“இனிமே இல்லை.”

ஒன்பதாம் நாள் காலையில் எஸ்டேட் வெள்ளை வெளேரென்று பூத்தது. வாழவந்தியில் மூன்று பெட்டி காலி. ஐயாக்கண்ணு மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார். பாவாயி சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பத்தாம் நாள், அடிவாரத்திலிருந்து ஏறிவந்த சுற்றுலா பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் பழுதாகி நின்றுவிட்டது. சேதி கேட்ட ஐயாக்கண்ணு, சிகாமணியின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டு ஓடினார். நாற்பது பொதுமக்கள்! ஒருவருக்கும் பட்டம் கிடையாது. ஓடவும் வழி கிடையாது.

மனப்பாடம் செய்த பேச்சில் முதல் வரியே மறந்துபோனது. “ஈ கொட்டுமுங்க. ஆனாச் சும்மா கொட்டாதுங்க,” என்று ஆரம்பித்தார். மீதி ஒன்பது நிமிஷமும் காலியான மூன்று பெட்டிகளைப் பற்றியே பேசினார்.

ஒரு அம்மாள் கை தூக்கினாள். “பஸ் எப்பங்க கெளம்பும்?”

சிகாமணி எழுதினார்: ‘பொதுமக்கள் ஆர்வத்துடன் வினா எழுப்பினர். தேர்ச்சி.’

பதினோராம் நாள், மிச்சமிருந்த ஐந்து பெட்டிகளோடு ஐயாக்கண்ணு எஸ்டேட் கேட்டில் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் பூ பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

“இன்னைக்கு ஒரு பொழுதாச்சும் கெடைக்கட்டுங்க. கேட்டைத் தெறங்க,” என்று பட்டத்தை நீட்டினார்.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் செல்லப்பன் அதிலிருந்த சிகாமணியின் கையெழுத்தைப் பார்த்தார். “காத்தால கடுதாசி வந்துதுங்க. சிகாமணி சாரே இன்னும் இந்தப் பரீட்சை எழுதலீங்களாமா. அவரு குடுத்த பட்டம் ஒண்ணுகூடச் செல்லாதுங்க.”

“அப்ப எங்க ஊர்ல வாங்குனது? குப்பனூருக்காரங்களது? எம்பட பாவாயி?”

“அவங்க எல்லாருமே பொதுமக்கள்தானுங்க,” என்றார் ரைட்டர். “நீங்க ஊட்டுலயே பேசியிருக்கலாம்.”