மாப்பிள்ளை ஊர்வலமும் என் மின்சாரக் காரும்

என் மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் சார்ஜ் ஆகும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால், தானே ரோட்டைப் பார்த்துத் தானே பிரேக் போடும் அளவுக்குப் புத்தியுள்ள காரை வாங்கியவன், அதனிடமே தோற்றுப்போயிருப்பேனா?

அன்று என் மனைவியின் தம்பி குமரனுக்குக் கிள்ளான் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை என் காரில்தான் வரவேண்டும் என்று அடம்பிடித்திருந்தேன். (புதுக் கார். சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டாமா?) பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் தொடை கனத்துக்கு ஒரு மாலை வாங்கி, காரின் முன்பக்கம் முழுக்கக் கட்டினேன்.

"சின்னதா ரெண்டு பூ போதுங்க," என்றாள் மனைவி.

"என் காருக்கு ஒரு மரியாதை வேணாமா?"

சுபாங் ஜெயாவிலிருந்து சத்தமே இல்லாமல் மிதந்து வந்தோம். கோயிலுக்கு முந்தின டிராஃபிக் லைட்டில் கார் 'டிங் டிங்' என்று அலறி நின்றது. முன்னால் ஏதோ தடை இருக்கிறதாம். திரையில் சிவப்பு எழுத்து. கண்ணாடி வழியே பார்த்தேன். ரோடு காலி. மிதித்தேன். ஒரு முழம் நகர்ந்து மறுபடியும் பிரேக். குமரனின் தலைப்பாகை மூக்கில் வந்து உட்கார்ந்தது.

"மாமா, நல்ல நேரம் முடியப் போவுது லா!"

"இரு மச்சான், இது திருஷ்டி."

(நான் இன்ஜினியரிங் படித்தவன்.) கல்யாணத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்து நாலு டயருக்கும் அடியில் வைத்தேன். பழத்தைக்கூட நசுக்காமல் கார் நின்றது.

பின்னால் ஒரே ஹார்ன். அந்த வரிசையில், கோயிலுக்கு வாழை இலை ஏற்றிவந்த பழைய லோரி ஒன்று.

"நாத்தனார் முடிச்சு நான்தான் போடணும். நீங்க உங்க காரோடயே இருங்க!" மனைவி பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு லோரியில் ஏறினாள். பின்னாலேயே மாப்பிள்ளையும். கறுப்புப் புகையை என் முகத்தில் விட்டுவிட்டு லோரி பறந்தது.

மாப்பிள்ளையே போன பிறகு மாலை எதற்கு? கோபத்தில் பிய்த்தெறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கார் கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. அப்போதுதான் உறைத்தது: காற்றில் சரிந்த மாலை, கார் ரோட்டைப் பார்க்கும் முன்பக்கக் கேமராவை மறைத்திருக்கிறது. அது சொன்ன தடை, நான் கட்டிய மரியாதைதான்!

நான் போய்ச் சேர்ந்தபோது தாலி ஏறி, முடிச்சும் விழுந்து, பந்தியில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், "லோரி சொல்லியாச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

போன வாரம் மச்சினிச்சிக்கு நாள் குறித்தார்கள். மாமியாரிடம் பணிவாகக் கேட்டேன்: "அத்தே, இந்தத் தடவ பூவே கட்டமாட்டேன். பொண்ண நான் கூட்டிட்டு வரட்டுமா?"

"நீங்க பஸ்ஸுல வாங்க, மாப்பிள்ளை."