கோஷி சாருக்குப் போர்த்திய பொன்னாடை

ஒன்றும் தெரியாதவனை நம்பலாம், எல்லாம் தெரிந்தவனையும் நம்பலாம். ‘கொஞ்சம் தெரியும்’ என்று சொல்கிறவனை மட்டும் நம்பவே கூடாது. விளையாட்டு விஷயத்தில் நான் அந்தக் கொஞ்சம் தெரிந்த ஜாதி. டீக்கடை டிவியில் நின்றுகொண்டே கிரிக்கெட் பார்ப்பேன். வேனல் காலத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபுட்பால் நடந்தால் மூங்கில் கேலரியில் ஏறி, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பேன். பந்து தூரமாகப் போனால் கைதட்ட வேண்டும், நம் ஆள் கீழே விழுந்தால் ரெஃப்ரியைத் திட்ட வேண்டும். இந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வயதுவரை கௌரவமாக ஓட்டிவிட்டேன்.

அப்போது மட்டாஞ்சேரி பஜாரில், மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தற்காலிக கிளார்க்காக இருந்தேன். இரண்டரை வருடமாகத் தற்காலிகம். (தற்காலிகத்துக்கும் ஒரு காலம் இருக்க வேண்டாமா?) தென்காசியில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து நான் ஒரு நிலையில் இல்லை. ஆனால் பெண்ணின் அப்பா எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் முக்கியமான வரி: ‘பையனுக்கு வேலை நிரந்தரம் ஆனதும் மேற்கொண்டு பேசலாம்.’ அந்தக் கடிதத்தை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். தினமும் விளக்கேற்றும்போது அதற்கும் சேர்த்துத்தான் கும்பிட்டாள்.

“பெர்மனண்ட் ஆக்குறது யாருடா?” என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டாள்.

“மேனேஜர் கோஷி சார்.”

“அவரு எந்தச் சாமியக் கும்பிடுவாரு?”

“அவரு கிறிஸ்தியானிம்மா.”

“சரி, அவருக்கு எதுதான் இஷ்டம்?”

“கோல்ஃப்.”

கோஷி சாரின் கோல்ஃப் ஆபீஸ் முழுக்கப் பிரசித்தம். திங்கட்கிழமை காலைகளில் நீளக் குடையைத் தலைகீழாகப் பிடித்து, வராந்தாவில் இல்லாத பந்து ஒன்றை ஓங்கி அடிப்பார். நாங்கள் ஒதுங்கி நின்று வழி விடுவோம். அவர் பெரிய சாம்பியன் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணம். அவர் அப்படிச் சொன்னதும் இல்லை, இல்லை என்று மறுத்ததும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பெரிய போட்டியில் ஆடுகிறார் என்று பியூன் சொன்னான். அதற்கு மறுநாள்தான் என் ஃபைல் அவர் மேஜைக்குப் போகிறது. கடவுளே கணக்குப் பார்த்து அமைத்துக் கொடுத்த வார இறுதி என்று நினைத்தேன்.

“அங்க போயி வெறுங்கைய வீசிக்கிட்டா நிப்ப?” என்றாள் அம்மா. “சாரு ஜெயிச்சா பொன்னாட போத்தணும். நம்ம ஆளுங்க மரியாதைய மறக்கப்பிடாது.” அப்பா முனிசிபாலிட்டியில் பைப் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றபோது போர்த்திய பொன்னாடை பெட்டிக்குள் இருந்தது. எடுத்து உதறினாள். பாச்சை உருண்டை நெடி அடித்தது. “ஒரு தடவதான போட்டது, புதுசுதான்” என்று தீர்ப்புச் சொன்னாள். கோயில் வாசலில் ஒரு ரோஜா மாலையும், குஜராத்தி ரோட்டில் ஒரு கிலோ ஜிலேபியும் வாங்கி, எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு படகு ஏறினேன். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டை. கேலரியில் சார் என்னைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்ற முன்யோசனை.

எர்ணாகுளத்தில் இறங்கி, இன்னொரு படகு பிடித்து மைதானத்துக்குப் போனால், அங்கே கேலரியே இல்லை. டிக்கெட் கவுண்டர் இல்லை, கடலை விற்கிறவர் இல்லை, மைக் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் புல். அதில் தொப்பி போட்ட சில பேர், சாப்பிட்ட பிறகு காலாற நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தார்கள். போட்டி இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து அரைமணி நேரம் ஒரு மரத்தடியில் காத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த நடைதான் போட்டி.

கோஷி சாரோடு இரண்டு பேர் ஆடினார்கள். ஒருவர் ஒல்லியான டாக்டர். மற்றவர் எங்கள் கம்பெனியில் மிளகு வாங்கும் ஜெர்மன்காரர். சாரின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து வந்தவர் பாபுச் சேட்டன், ஐம்பது வயதுக்காரர். முன்பு வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் தமிழர்களோடு மூட்டை இறக்கியவர் என்பதால் கலவைத் தமிழ் பேசினார். நான் மெதுவாக அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

“சேட்டா, சாருக்கு எதிர் டீம் யாரு?”

“டீமொண்ணும் இல்ல. அவங்கவங்க பந்த அவங்கவங்க அடிக்கும்.”

“அப்ப பந்து வீசறது யாரு?”

“ஆரும் வீச மாட்டாங்க. பந்து சும்மா கெடக்கும்.”

“அவுட் எப்படி ஆவாங்க?”

“மிண்டாதே!” என்று உதட்டில் விரல் வைத்தார். அங்கே யாராவது மட்டையைத் தூக்கினால் சுற்றி நிற்பவர்கள் மூச்சுகூட விடக் கூடாதாம். அன்று நான் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அந்த விரல்தான் பதில். கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்கவும் இல்லை. ஜெயிப்பது எப்படி என்று கேட்கலாமா? விளையாட்டு ரசிகனுக்கு அது அவமானம் இல்லையா?

ஆகவே நானே கண்டுபிடித்தேன். டாக்டர் நாலே அடி அடித்தார், பந்து குழிக்குள் விழுந்தது, அவ்வளவுதான், இடுப்பில் கைவைத்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டார். ஜெர்மன்காரருக்கு ஐந்து அடி. எங்கள் சாரோ ஒன்பதாவது அடியிலும் களத்தில் இருந்தார்! ஓர் இடத்தில் மணல் நிறைந்த பள்ளத்தில் பந்து மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. சார் தைரியமாக உள்ளே இறங்கி, நின்ற இடத்திலேயே ஐந்து அடி அடித்தார். மணல் எழும்பி மேலெல்லாம் கொட்டியது, அவர் அசரவில்லை. நான் ஒவ்வொரு அடியையும் ரன்னாக விரல்விட்டு எண்ணி எண்ணிப் பூரித்தேன். டாக்டரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. நல்ல மனிதர், ஆனால் ஸ்டாமினா இல்லை.

காயலோரமாக ஓர் இடம் வந்தது. சார் ஓங்கி அடித்தார். பந்து உயரே எழும்பி, தென்னை மரங்களைத் தாண்டி, மதில் சுவரைத் தாண்டி, நேராகக் காயல் தண்ணீரில் போய் விழுந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. இரண்டு விரலையும் வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன். “சிக்ஸர்! கோஷி சார், சிக்ஸர்!”

கரையில் நின்ற கொக்குகள் அத்தனையும் பறந்தன. மட்டையைத் தூக்கிக்கொண்டிருந்த ஜெர்மன்காரர் அப்படியே உறைந்து நின்றார். தொப்பி போட்ட ஒருவர் என்னை நோக்கி ஓடி வந்தார். கோஷி சார் திரும்பினார். மஞ்சள் சட்டை வேலை செய்தது.

“எடோ சேகரே, தான் எந்தா இவிடே?”

“சாருக்கு சப்போர்ட் பண்ண வந்தேன் சார்!”

சார் வானத்தைப் பார்த்தார். சிக்ஸர் அடித்ததற்குக் கர்த்தருக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கிளப் வராந்தாவில் ஒரு கரும்பலகையில் பெயரும் எண்ணும் எழுதினார்கள். டாக்டர் எழுபத்தெட்டு. ஜெர்மன்காரர் தொண்ணூற்றொன்று. கோஷி சார் நூற்றிருபத்தாறு! மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். அவரை நெருங்க ஓர் ஆள் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தென்காசி பஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்று ஹார்ன் அடிப்பதுபோல இருந்தது.

மேஜையில் வெள்ளிக் கோப்பையை வைத்து, கிளப் தலைவர் காகிதத்தைப் பிரித்துப் பேச ஆரம்பித்தார். நமக்குத் தெரியாதா, விழா என்றால் முதல் பொன்னாடைக்குத்தான் மதிப்பு. இரண்டாவது பொன்னாடையை யாரும் போட்டோ எடுப்பதில்லை. வேறு எவனாவது முந்திவிடுவான் என்ற பயத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். சாருக்கு மாலையைப் போட்டேன். பொன்னாடையைப் போர்த்தினேன். அவர் வாயைத் திறந்த நேரம் பார்த்து ஒரு ஜிலேபியை ஊட்டினேன். எல்லோருக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில் அறிவித்தேன்.

“மை சார்! ஒன் ஹண்ட்ரட் அண்ட் ட்வென்ட்டி சிக்ஸ்! நம்பர் ஒன்!”

யாரும் கைதட்டவில்லை. டாக்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவின் ஓரத்திலிருந்து பாபுச் சேட்டன் வந்து என் சட்டையைப் பின்னால் இழுத்தார்.

“எடா பாவி,” என்று காதில் சொன்னார், “இது கொறச்சு அடிக்கிறவன் ஜெயிக்கிற களி. சாரு லாஸ்ட்!”

எத்தனையோ விதமாகக் குழம்பியிருக்கிறேன். ஆனால் குழப்பம் தீர்ந்தது இவ்வளவு வலித்தது அன்றைக்குத்தான். குறைவாக அடித்தால் ஜெயமா? அப்படியானால் வீட்டிலேயே இருக்கிறவன்தானே சாம்பியன்? தென்காசி பஸ் என்னை ஏற்றாமலேயே கிளம்பிப் போய்விட்டது.

ஜெர்மன்காரர்தான் முதலில் பேசினார். இது உங்கள் ஊர் வழக்கமா என்று சாரிடம் கேட்டார். கோஷி சார் நிதானமாக ஜிலேபியை மென்று விழுங்கினார். காதுவரை ஏறியிருந்த மாலையைச் சற்று இறக்கினார். பிறகு, மிளகு விலை பேசும் அதே குரலில், “தமிழ்நாட்டு வழக்கம். அங்கே கடைசியாக வந்தவருக்குத்தான் முதல் மரியாதை” என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஜெர்மன்காரர் நெகிழ்ந்துபோனார். அப்படியா என்பதுபோல என்னைப் பார்த்தார். கோடிக்கணக்கான தமிழர்களின் சார்பில் நான் தலையாட்டினேன். (நான் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரி. அதுவரை தமிழ்நாட்டுக்குப் போனதே நாலு தடவை, அதில் மூன்று தடவை மொட்டை போட.) அவர் எழுந்து நின்று கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஜிலேபி ஐந்து நிமிடத்தில் காலி. கோப்பையை வாங்கிய டாக்டரை யாரும் கவனிக்கவில்லை.

“பொன்னாட போத்துனியாடா?” என்று அம்மா வாசலிலேயே கேட்டாள்.

“போத்துனேன்.”

“சாருக்கு சந்தோசமா?”

“அவருக்குப் பேச்சே வரலம்மா.”

அம்மா சாமி படத்தின் முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை வராந்தாவில் குடை சுழலவில்லை. அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் என் ஃபைல், அதன் மேல் மடித்த பொன்னாடை.

“சத்தியம் பறயணும். அறிஞ்சோண்டு செஞ்சதா, அறியாம செஞ்சதா?”

தெரிந்து செய்தேன் என்றால் திமிர் பிடித்தவன். தெரியாமல் செய்தேன் என்றால் முட்டாள். எந்தப் பக்கம் போனாலும் தென்காசி இல்லை. பொய் சொல்லவும் தெம்பில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

“தெரியாமத்தான் சார். அவங்கல்லாம் நாலு அடி, அஞ்சு அடியில விட்டுட்டாங்க. நீங்க மட்டும் மணல்ல, வெயில்ல விடாம அடிச்சீங்க. பாக்கப் பாக்க எனக்குப் பெருமையா இருந்துச்சு. அது மட்டும் நெஜம் சார்.”

சார் பொன்னாடையின் மடிப்பை நீவிவிட்டார். “பதினஞ்சு வருஷமாயிட்டு களிக்கிறேன். என்டே பாரியகூட ஒரு நாள் வந்து பாத்திட்டில்ல” என்றார். அவர் மனைவியே வராத இடத்துக்கு நான் மாலையோடு போயிருக்கிறேன். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“பட்சே, ரேட் பாக்கிற செக்ஷன்ல உன்ன இருத்த மாட்டேன். அவிடே கொறஞ்சதுதான் ஜெயம், நீ கம்பெனிய மூடிச்சிடும். கோடவுனுக்குப் போ. அங்க எத்தற மூட்ட கூடினாலும் நல்லதுதன்னே.”

அப்படித்தான் நான் நிரந்தரமானேன். ஆபீஸ் உத்தியோகம் என்று தென்காசிக்கு எழுதியிருந்தோம். மாப்பிள்ளை மிளகுத் தூசியோடு வந்தார், கல்யாண போட்டோக்களில் பாதியில் தும்மிக்கொண்டிருக்கிறார். சாரும் கல்யாணத்துக்கு வந்தார். தென்காசிக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். மாப்பிள்ளையின் முதலாளி என்று வரிசையாக மூன்று பேர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மூன்றாவது விழுந்ததும் சார் மிரண்டுபோய் மேடைக்கு ஏறி வந்து என் காதில் கேட்டார்: “எடோ, இப்போ நான் எதிலாடோ தோத்தது?”

பக்கத்தில் இருந்த மணப்பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. மறுவீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே முழுக் கதையையும் கறந்துவிட்டாள். (இதில் உள்ள தமிழ்ப் பிழைகளைத் திருத்துவதும் அவள்தான். எனக்கு மலையாளம்தான் பிழையில்லாமல் எழுத வரும்.) அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் பில் ஏறினாலும், மகள் வகுப்பில் முப்பத்தெட்டாம் ரேங்க் வாங்கினாலும், ‘அப்பா கணக்குல ஜெயிச்சாச்சு’ என்பதுதான் பேச்சு.

சில வருடங்களுக்கு முன் முதல்முறையாக ரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஒரு லேபுக்குப் போனேன். ரிசல்ட்டை வாங்கி மனைவிதான் படித்தாள். இருநூற்று எண்பத்தாறு. அவள் முகம் ஒரு நிமிடம் வாடியது. பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. நானும் பயப்படுவதைப் பார்த்ததும் அவள் பைக்குள் கைவிட்டு, முகம் துடைக்கிற துண்டை எடுத்து உதறி, அத்தனை பேர் முன்னால் என் தோளில் போர்த்தினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்ன விசேஷம் என்று மலையாளத்தில் விசாரித்தார்.

“இவர்தான் ஃபர்ஸ்ட்” என்றாள்.

பெரியவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.