லட்டுக்கு முடிவெட்ட நல்ல நாள்

நாள், நட்சத்திரம் நம்புகிறவர்கள் ஒரு வகை. நம்பாதவர்கள் ஒரு வகை. இரண்டு பேரையும் விட்டுவிடலாம். அவர்களிடம் ஒரு நேர்மை இருக்கிறது. இங்கே பார்க்கப்போவது மூன்றாவது இனம். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க" என்று பேச்சை ஆரம்பித்து, "ஆனா எதுக்கு வம்பு?" என்று முடிக்கிற இனம். பூனை குறுக்கே போனால் இவர் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்; அது மூடநம்பிக்கை அல்லவா? குனிந்து ஷூ லேஸ் கட்டுவார். பின்னால் வருகிற யாராவது முந்திப் போகும்வரை கட்டிக்கொண்டே இருப்பார். காலில் இருப்பது செருப்பாக இருந்தாலும்.

இந்த இனம் நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பதின்மூன்றாம் மாடியே இல்லாததுபோல் பன்னிரண்டிலிருந்து நேராகப் பதினான்குக்கு ஏறும் லிஃப்டுகளைக் கட்டிய வெள்ளைக்காரர்கள் இவருடைய பங்காளிகள்தாம்.

மேனாம்பேட்டில் நாய்களுக்கு முடிவெட்டிக் குளிப்பாட்டும் கடை திறந்த மதிவதனிக்கு இதெல்லாம் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்த கணக்கு வேலையை உதறி, பயிற்சி முடித்து, மேசையும் மெஷினும் டிரையரும் வாங்கிப் போட்டபோது அவள் பயந்ததெல்லாம் நாய்க்கடிக்குத்தான். நாய்கள் ஒன்றும் செய்யவில்லை. வந்தால்தானே செய்யும்? பக்கத்து அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு நாய். எல்லாரும் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆனால் தன் செல்லம்தான் முதலில் கத்தரிக்குத் தலை கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் ஆசையில்லை. "ஜெகதீஷ் சாரோட லட்டு எப்படி வருதுன்னு பாத்துட்டு வர்றோம்" என்று சொல்லிவைத்ததுபோல் சொன்னார்கள். ஜெகதீஷ் குழுவின் அட்மின். லட்டு அவருடைய ஷிட்ஸு ஜாதி நாய். ஆக, லட்டு மேசை ஏறினால் கடை ஓடும். ஏறாவிட்டால், மறுபடி எஸ்டேட், மறுபடி கணக்கு.

முதல் வெள்ளிக்கிழமைக்கே பதிவு செய்த ஜெகதீஷ், வியாழக்கிழமை இரவு போன் செய்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழமை முடிவெட்டக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா எதுக்கு வம்பு?"

சனிக்கிழமையும் அம்மாவுக்கு ஆகவில்லை. ஞாயிறு அமாவாசையாகப் போயிற்று. புதன்கிழமை நிச்சயம் என்றவர், பூந்தமல்லியில் குட்டி விற்றவனுக்குப் போன் போட்டு லட்டு பிறந்த நேரத்தைக் கேட்டிருக்கிறார். "குட்டி போடசொல்ல நான் தூங்கினு இருந்தேன் சார்" என்று அவன் கையை விரிக்க, வாங்கிவந்த நேரத்தைப் பிறந்த நேரமாக வைத்து இவரே செயலியில் கணித்துப் பார்த்ததில், அந்தப் புதன்கிழமை லட்டுவின் ஜென்ம நட்சத்திரம் என்று தெரியவந்தது.

"நாய்க்கு நட்சத்திரமா சார்?"

"எனக்கே சிரிப்பாத்தான் வருது சிஸ்டர்" என்றார் ஜெகதீஷ், சிரிக்காமல். "இன்னொண்ணு. லட்டுக்கு இன்னும் முதல் முடியே எடுக்கல. குலதெய்வத்துக்கு ஒரு பூமுடி கொடுத்துட்டு நேரா உங்ககிட்டதான்."

"கோயில்ல நாய உள்ள விடுவாங்களா?"

"அதத்தான் விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

சித்திரை வெயில் கத்தரிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. லட்டுவின் முடி சிக்குப்பிடித்துச் சடையாகி, கண்ணை மூடி, மூக்கைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. மதிவதனி தினமும் கடையைத் திறந்து, மேசையைத் துடைத்து, ஷட்டரை இறக்கினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயிலில், கடை வாசலில் ஆட்டோ நின்றது. கக்கத்தில் ஒரு அழுக்குத் தலையணையோடு ஒரு அம்மாள் இறங்கினார். தலையணை இரைத்தது. அது லட்டு.

"நாந்தாம்மா ஜெகதீஷு அம்மா. சாவித்திரி. திருநின்றவூர்லேர்ந்து காலைல வந்தேன். இந்த ஜீவன் கண்ணு தெரியாம செவுத்துல முட்டிகினு கீது. வெட்டி உடு பாப்பா."

மதிவதனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை..."

"ஆமா. நேத்து திங்கக்கெழம, நாளைக்குப் புதங்கெழம. இப்ப இன்னான்ற?"

"உங்களுக்குத்தான் ஆகாதுன்னு சார் சொன்னாரே!"

"நானா?" சாவித்திரி லட்டுவை மேசைமேல் வைத்தார். "அவன் பத்தாவது படிக்கசொல்லவே அஞ்சு பரிச்சைக்கும் ஒரே பேனாவ வெச்சிகினு எழுதுனான். கேட்டா, எங்கம்மா குடுத்த ராசி பேனான்னுவான். நான் எங்க குடுத்தேன்? கடைல அவனா வாங்குனது. அவன் பயத்துக்கெல்லாம் என் பேர வெச்சிகினு கீறான்!"

மதிவதனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் காத்திருந்த முதல் போணி. மெஷினைக் கையில் எடுத்தாள். சுவரில் இருந்த கடிகாரம் மூன்றேகால் காட்டியது. செவ்வாய்க்கிழமை. மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம்.

அவளுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சத்தியமாகக் கிடையாது. ஆனால் முதல் நாய். கடையின் தலையெழுத்தே இந்த நாயின் தலையில்.

"இன்னா பாப்பா, மெசினு கைல கீது, கண்ணு செவுத்துல கீது?"

"இல்லம்மா... சார்ஜ் கொஞ்சம் கம்மியா..."

"பச்ச லைட்டு எரியுது பாரு, ஃபுல்லா."

மேசையில் லட்டு இரைத்துக்கொண்டிருந்தது. மதிவதனி அதைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

அன்று மாலை லட்டுவின் முகம் குழுவில் வந்தது. இரண்டு உருண்டைக் கண்களும், இதுதானா இந்த வீடு என்பதுபோல ஒரு வியப்பும். ஜெகதீஷே இதயம் போட்டார். இரவுக்குள் மதிவதனியின் நோட்டு நிரம்பியது. புதனும் ஞாயிறும் மூச்சுவிட இடமில்லை, செவ்வாயும் வெள்ளியும் காலி. கடை பிழைத்துக்கொண்டது.

அவ்வளவுதான். நீங்கள் எழுந்து போகலாம்.

ஏன் போகாமல் நிற்கிறீர்கள்? மெஷினை மூன்றேகாலுக்கே ஓட்டினாளா, நாலரை ஆகட்டும் என்று இருந்தாளா என்று தெரிய வேண்டுமா? தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?