கூடத்தில் நின்றபடி மலையேறிய விவகாரம்

சித்தூர்,
திங்கட்கிழமை காலை, டிபன் ஆவதற்கு முன்.

என் மருமகள் ஹரிதாவைப் பெற்றவரும், திருமலை மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு பயணியின் தலையைக்கூட ஜன்னலில் இடிக்க வைக்காதவருமான திருப்பதி சம்பந்தி வேதாச்சலம் அவர்கள் சமுகத்துக்கு, சித்தூர் வரதராஜன் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் ரத்னம்மாவும், என் இடது முழங்காலைத் தவிர, மற்றபடி சௌக்கியம். அங்கே உங்கள் இரண்டு முழங்கால்களும் சம்பந்தியம்மா தாட்சாயணியும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று கோருகிறேன்.

போனை எடுக்காத மனுஷருக்குக் கடிதம்தான் போட வேண்டியிருக்கிறது. வாட்ஸாப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு வாசலிலேயே நிற்கிறது. நேற்று சம்பந்தியம்மா ரத்னம்மாவைக் கூப்பிட்டு, "அண்ணி, அவரு வர்லன்றாரு. நான் மட்டும் பஸ்ஸு புடிச்சி வந்துடறேன்" என்று சொன்னாராம். சம்பந்தி, வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் மகளுக்கு வளைகாப்பு. பந்தல் சொல்லியாயிற்று, வளையல்காரர் வருகிறார், ஏழு வகைச் சாதத்துக்கும் ஆள் பேசியாயிற்று. பெற்ற தகப்பன் வராமல், ஒரு சைக்கிளுக்காக, அதுவும் ஓர் அங்குலம்கூட நகராத சைக்கிளுக்காக, வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று ஊர் பேசினால் நம் இருவர் முகத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் நடந்ததை ஆதியிலிருந்து எழுதுகிறேன். கோபத்தோடாவது கடைசிவரை படியுங்கள்.

நம் இருவருக்கும் சர்க்கரை ஏறிப்போச்சு என்று பிள்ளைகள் பயந்து, என் மகன் அருள்குமாரும் ஹரிதாவும் பெங்களூரிலிருந்து காரில் கொண்டுவந்தது உங்களுக்கு ஒரு உடற்பயிற்சி சைக்கிள் செட், எனக்கு ஒன்று. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் இரும்பு எந்திரத்தை மாட்ட வேண்டும். அந்த எந்திரம் டிவிக்குப் பக்கத்தில் வைத்த உள்ளங்கையளவு பெட்டியோடு பேசும், பெட்டி டிவியோடு பேசும், டிவியில் ரோடு வரும், கடல் வரும், மலை வரும், நாம் மிதிக்க மிதிக்க நம் பொம்மை அதில் போய்க்கொண்டிருக்கும், மேடு வந்தால் எந்திரம் தானே இறுகிக்கொள்ளும். இதையெல்லாம் என் மகன் எனக்கு விளக்கியபோது நான் கேட்ட ஒரே கேள்வி, "காணிப்பாக்கத்துல பூஜை போட்டியாடா?" என்பதுதான். புது வண்டி எதுவும் பிள்ளையாரைப் பார்க்காமல் எங்கள் வாசல்படி ஏறியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு செட்டையும் மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு போனோம். அர்ச்சகர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதேம் பண்டி நாயனா? வெனுக சக்ரம் ஏதி?" என்று தெலுங்கில் கேட்டுப் பின்சக்கரத்தைத் தேடினார். பின்சக்கரம் கிடையாது, முன்சக்கரம் சுற்றாது என்று அருள் சொன்னதும் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றுவிட்டார். பழத்தின்மேல் ஏற்றாமல் பூஜை எப்படி முடியும்? ரத்னம்மாதான் வழி சொன்னாள். "தூக்கி வெச்சி அமுக்குங்கடா." இரண்டு பேர் சைக்கிளை ஆகாயத்துக்குத் தூக்கிப் பழத்தின்மேல் இறக்கினார்கள். சாறு என் மகன் கண்ணில் அடித்தது. "நல்ல சகுனம்" என்று அர்ச்சகர் தமிழிலேயே சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாட்டிய கதை தனி. பெட்டியை எந்திரத்தைத் தேடச் சொன்னால் அது எதிர்வீட்டுத் தனசேகரின் ஸ்பீக்கரைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அவர் வீட்டில் விளக்கேற்றுகிற நேரத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் "கமான், கமான்" என்று கத்த, ஜனக்கூட்டம் கைதட்ட, அவர் பூஜையை விட்டுவிட்டு மணியோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். அதைச் சரிசெய்தால் ரத்னம்மாவின் சீரியல் நேரம். மருமகள் கண்ணைக் கசக்கும் இடத்தில் என் பொம்மை குறுக்கே சைக்கிளில் வந்துவிட்டது என்று இரண்டு நாள் எனக்கு மோர் கிடையாது. பிறகு அந்தச் செருப்பு, இல்லை, ஷூ. அடியில் கொக்கி வைத்து பெடலோடு பூட்டிக்கொள்ளுமாம். பூட்டியது. திறக்கும் வித்தையைச் சொல்வதற்கு முன்பே அருள் பெங்களூர் போய்விட்டான். காஸ்காரர் வந்து வாசலில் நின்று, "சார், வந்து ஓடிபி சொல்லுங்க" என்றார். "எறங்க முடிலப்பா, காலு மாட்டிக்கினு கீது" என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக்கு புடிங்க சார்" என்றார். நிற்கிற சைக்கிளுக்கு என்ன பிரேக்? கடைசியில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு என்னையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார். வலது ஷூ மட்டும் சாயங்காலம்வரை பெடலிலேயே இருந்தது.

இதெல்லாம் உங்களுக்கும் அங்கே நடந்ததுதான். உங்கள் பெட்டியையும் மற்ற சாமானையும் நானே பாகாலா வழியாக பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்து, உங்கள் வீட்டில் சாப்பிட்டு, நாம் இரண்டு பேரும் டிவிக்குப் பின்னால் தலையை விட்டு வயர் மாட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்குத்தான் சம்பந்தி, பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முதல்முறையாக, "சாப்பிட்டீங்களா, மழை உண்டா" என்பதைத் தாண்டி நாம் பேசினோம். அதன் பிறகு தினமும் காலையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீங்கள் அங்கே, நான் இங்கே. ஆயிரம் வெள்ளைக்காரர்கள் கலர் பனியனோடு போகிற அந்த ரோட்டில் நான் உங்களைக் கண்டுபிடித்ததில்லை, நீங்களும் என்னைக் கண்டதில்லை. வேர்வையில் மூக்குக்கண்ணாடி வழுக்கும்போது யார் பெயரைப் படிப்பது! ஆனாலும் வளைவு வந்தால் வாயாலேயே ஹாரன் அடிப்பீர்களே, அந்தச் சத்தம் கேட்டால் நான் இடதுபக்கம் ஒதுங்கிக்கொள்வேன். சர்க்கரை இறங்கியதைவிட எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சந்தோஷம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பந்தயம் கட்டியதுதான் வினை. பேரனுக்கு உங்கள் அப்பா பெயரா, எங்கள் அப்பா பெயரா என்று பேச்சு வந்து, டிவியில் வரும் மலையுச்சிக்கு யார் முதலில் போகிறார்களோ அவர் அப்பா பெயரை வைப்பது என்று முடிவானது. "பொண்ணா பொறந்தா?" என்று ரத்னம்மா கேட்டதற்கு, அதற்கு வேறு மலை இருக்கிறது என்று இருவரும் சேர்ந்தே பதில் சொன்னோம். நேற்றைக்கு முந்தின ஞாயிறு, மூச்சு மிச்சப்படட்டும் என்று போனை அணைத்துவிட்டு ஏறினோம். எங்கள் கூடத்தில் தெருவே நின்றது. தனசேகர் விசிறினார். பாதி மலையில் என் கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. "கோவிந்தா, கோவிந்தா" என்று நான் ஆரம்பிக்க, தெருவே திருப்பிச் சொல்லியது. உச்சி வந்து பெயர்ப்பட்டியல் விழுந்ததும் முதலில் வரதராஜன், அடுத்தது வேதாச்சலம். நான் துள்ளிக் குதித்தேன், அதாவது குதிக்கப் பார்த்தேன், ஷூ விடவில்லை.

அடுத்த நாளே நாகபூஷணம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தான். மாம்பழக் கூழ் பாக்டரியில் என்னோடு வேலை பார்த்தவன், இன்றும் அங்கே எடை மேடையில் இருப்பவன். பாகாலா பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம வரதராஜன் சாரை எடை போட்டது நான்தான்" என்று பெருமை பேசி, கழிவுக் கணக்கையும் ஒப்பித்திருக்கிறான். உண்மைதான். சைக்கிள் ஆப் எடை கேட்டது, வீட்டில் தராசு இல்லை, அவனிடம் போய் மேடையில் நின்றேன். எழுபத்துநாலு என்று சீட்டு எழுதிக் கொடுத்தான், அருள் அதைப் போட்டான். அந்தப் படுபாவி கை பழக்கத்தில் மாம்பழம் வருகிற க்ரேட்டுக்கு இரண்டு கிலோ, அழுகலுக்கு நூற்றுக்குப் பத்து கழித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இளைத்துவிட்டேன் என்று நம்பி ஒரு வாரம் ராத்திரி இரண்டு தோசை சேர்த்தே துன்னேன். எடை குறைந்தவன் பொம்மை மேட்டில் வேகமாகப் போகும் என்பதும் எனக்குத் தெரியாது. நீங்கள் போன் போட்டு, "அழுகல் கழிச்சிட்டு ஏறினவரெல்லாம் ஜெயிச்சதா சம்பந்தி? நான் நேர்மையா தொண்ணூத்திரண்டுன்னு போட்டுக்கினு ஏறினேன். ஜெயிச்சவரு காணிப்பாக்கம் வந்து, குளத்துல முழுகி, ஈரத்துணியோட சத்தியம் பண்ணட்டும். அதுவரைக்கும் நான் உங்க வாசல் மிதிக்க மாட்டேன்" என்றீர்கள். அப்புறம் போனே இல்லை.

சம்பந்தி, நான் தயார். காணிப்பாக்கத்தில் பொய்ச்சத்தியம் செய்துவிட்டு ஒருவன் தப்ப முடியாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். முழுகுகிறேன். ஒவ்வொரு மிதியும் என் காலால் மிதித்தேன், எடையில் மனதறிந்து கள்ளம் செய்யவில்லை, வென்றவன் நானே என்று மூன்றையும் சொல்கிறேன். கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். ஆனால் நீங்கள் வெள்ளிக்கிழமை வர வேண்டும். நேற்று ஞாயிற்றுக்கிழமை பழக்கம் விடவில்லை, நான் தனியாக அந்த மலையை ஏறினேன். வளைவில் ஹாரன் இல்லை. இத்தனை பேர் நடுவிலும் எனக்கு ஒரே வெறிச்சென்று இருந்தது, நடுவழியில் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். மருமகளின் தகப்பனாரைவிட அந்த ஹாரன் அடிக்கிற மனுஷர்தான் எனக்கு வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்கள் சர்க்கரை குறையட்டும், மூச்சு நிறையட்டும், காணிப்பாக்கத்தானும் ஏழுமலையானும் பங்கு போட்டுக்கொண்டு உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மலையை நேர்மையாக வென்ற,
உங்கள் சம்பந்தி,
வரதராஜன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஹரிதா போன் செய்தாள். "மாமா, எங்க நைனா ஒரு வாரமா சைக்கிளைத் தொடவே இல்லன்றாரு. ஆனா நேத்து அவரு பேர்ல ஒரு மலை ஏறியிருக்குது. யாரு மிதிச்சது?" என்றாள். நான்தான் நேற்று ஏறினேன் என்றேன். "இல்ல மாமா, உங்க பேர்ல நேத்து ஒண்ணுமே இல்லியே" என்றாள். ரத்னம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். காணிப்பாக்கத்தில் சந்தனம் வைக்க இடம் வேண்டுமென்று இரண்டு பெட்டிகளின் மேலும் அருள் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளை அவள்தான் உரித்துப் போட்டாளாம். அதாவது என் பெயர் ஏற்றிய பெட்டியை நான் பத்திரமாக மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து உங்கள் டிவியில் மாட்டிவிட்டு, உங்கள் பெயர் ஏற்றிய பெட்டியோடு இங்கே இத்தனை நாள் மிதித்திருக்கிறேன். சம்பந்தி, அன்றைக்கு முதலில் போன வரதராஜன் நீங்கள். இரண்டாவதாகப் போன வேதாச்சலம் நான். உங்கள் தொண்ணூற்றிரண்டு கிலோவையும் மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை இழுத்துக்கொண்டு போனவன் இந்த ஏழை. க்ரேட்டும் அழுகலும் கழித்து இளைத்துப்போய் ஜம்மென்று ஏறினது தாங்கள்.

மேலே எழுதியதையெல்லாம் கிழிக்கலாம் என்றால் ரத்னம்மா விடவில்லை. ஆகவே பேரனுக்குப் பெயர் நீங்களே வையுங்கள், சந்தோஷமாகக் கூப்பிடுகிறேன். ஆனால் ஜெயித்தவர்தான் சத்தியம் செய்ய வேண்டும் என்பது உங்கள் வாய்வார்த்தை. வெள்ளிக்கிழமை விடியற்காலை காணிப்பாக்கம் குளத்தங்கரையில் காத்திருக்கிறேன். மாற்று வேட்டி ஒன்று எடுத்து வாருங்கள், ஈரத்துணியோடு மகளின் வளைகாப்புப் பந்தலுக்குள் வரக் கூடாது.