சென்சார் அண்ணனும் செல்ஃப் இல்லாத பிக்கப்பும்

உலகத்தில் நடக்கிற அத்தனை கெடுதலுக்கும் சென்சார்தான் காரணம் என்று முழுமனதாக நம்புகிற மனிதர், எனக்குத் தெரிந்து, கள்ளக்குறிச்சியில் ஒருவர்தான். சாம்பாரில் உப்பு ஜாஸ்தியா, மழை பொய்த்துவிட்டதா, சொன்ன நேரத்துக்குப் பஸ் வரவில்லையா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "சென்சார் போயிருக்கும்." அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோனது. எங்களுக்கு அவர் சென்சார் அண்ணன்.

நான் அப்போது ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் ஆர்டர் எழுதும் வேலையில் இருந்தேன். கல்யாணமோ காதுகுத்தோ, அண்டா, அடுப்பு, நாற்காலி, பந்தல் எல்லாம் எங்கள் கடையிலிருந்து போகும். கடையை நடத்தியது ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. முதலாளியம்மா என்போம். அண்ணன் அங்கே பிக்கப் டிரைவர்.

அந்த பிக்கப்புக்கு இருபது வயதுக்கு மேல். வேகம் காட்டுகிற முள் நாற்பதில் நின்றுபோயிருந்தது. வண்டி ஓடினாலும் நாற்பது, கடை வாசலில் நின்றாலும் நாற்பது. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். இஞ்சின் சூட்டை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். இடது பக்கக் கதவை, உட்காருகிறவர்தான் கயிற்றால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் நான் ஒருமுறை கயிற்றை விட்டுவிட்டேன். கதவு தானாகத் திறந்து, ஒரு டீக்கடைப் பெஞ்சைத் தொட்டு விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். வண்டிக்கு செல்ஃப் மோட்டார் வேலை செய்யாது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட வராது. மேட்டில் நிறுத்தி, உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால்தான் இஞ்சின் பிடிக்கும். கள்ளக்குறிச்சியில் நினைத்த இடத்தில் மேட்டுக்கு எங்கே போவது? அண்ணன் யோசித்தார். மூன்று டிராக்டர் கிராவல் கொண்டுவந்து கடைக்குப் பக்கத்தில் கொட்டி, தானே ஒரு மேட்டை உண்டாக்கிவிட்டார். தெருவைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் இது என்ன என்று கேட்டதற்கு, வண்டிக்குத் தலகாணி என்றாராம். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதலாளியம்மா புது செல்ஃப் ஒன்று வாங்கிக் கொடுத்துக்கூடப் பார்த்தார். நாளைக்கு மாட்டறேம்மா, நாளைக்கு மாட்டறேம்மா என்று அண்ணன் நான்கு வருடம் ஓட்டிவிட்டார்.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு புது பிக்கப் வாங்கினார். தொடுதிரை, ஏ.சி., எதற்கெடுத்தாலும் கீச்சென்று ஒரு சத்தம். முதல் நாள் அண்ணன்தான் ஓட்டினார். பக்கத்து சீட்டில் வெங்காய மூட்டை. வண்டி கத்தத் தொடங்கி நிறுத்தவே இல்லை. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, கடைசியில் மூட்டைக்கு சீட் பெல்ட்டை மாட்டினார். வண்டி அமைதியானது. நேராகக் கடைக்கு வந்து சாவியை மேஜையில் வைத்தார்.

"மூட்டைக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாத வண்டிய நம்பி எப்பிடிம்மா மல ஏறறது?"

அம்மாவும் விடவில்லை. தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து புதுசு அவர் கையில், பழசு அண்ணன் கையில். டீசல் செலவிலிருந்து ஹாரன் சத்தம் வரை இருவருக்கும் போட்டிதான்.

ஒரு தை மாதம் வெள்ளிமலையில் கல்யாணம். சமையல்காரர்கள் முந்தின நாளே பஸ்ஸில் மேலே போய்விட்டார்கள். விடிந்ததும் நாங்கள் கிளம்பினோம். புது வண்டியில் பாத்திரம், அடுப்பு, காய்கறியோடு அம்மாவும் நானும். பின்னால் பழசில் நாற்காலிகளோடு அண்ணன். மலை ரோட்டில் ஏழெட்டு வளைவு ஏறியிருப்போம். மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. வண்டி முக்கியது, முனகியது, நின்றேவிட்டது. கம்பெனிக்கு போன் போட்டால், எதையும் தொடாதீங்க, மதியத்துக்குள்ள ஆள் வரும் என்றார்கள். மதியம் ஐந்நூறு பேர் சாப்பிட உட்காருவார்கள். சோறு வடிக்க அண்டா எங்களிடம் இருக்கிறது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் அண்ணன் வண்டி வருகிற சத்தம் கேட்டது. இன்றைக்கு ஒரு பெரிய சொற்பொழிவு இருக்கிறது என்று நான் மனதைத் தயார்படுத்திக்கொண்டேன். ஆனால் அண்ணன் பார்த்தது வண்டியை அல்ல, தலையில் கை வைத்திருந்த அம்மாவை. கிளட்சிலிருந்து காலை எடுத்ததுகூடத் தெரியாமல் குதித்து ஓடிவந்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

"இன்னா ஆச்சிம்மா? நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. வண்டிதான் நின்னுக்கினு இருக்குது."

அண்ணனுக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். அது மலையைப் பார்த்து நின்றது. பின்னால் கொண்டை ஊசி வளைவு. பின்பக்கமாக உருட்டலாம் என்று ஓரடி எடுத்து வைத்தவரை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். புது செல்ஃப் எங்கே என்று கேட்டார். அண்ணன் போய், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். ஒட்டியிருந்த டேப்கூடப் பிரிக்கவில்லை.

"ஏம்பா மாட்டல?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இத மாட்டிட்டா யாரு வேணா ஓட்டிடுவாங்கம்மா. புது வண்டியும் வந்துடுச்சி. அப்பறம் நான் எதுக்கு?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"மொதல்ல வண்டிக்கு அடியில போ. நான் ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறேன்."

அண்ணன் அடியில் படுத்தார். அம்மா ஒவ்வொரு ஸ்பேனராக நீட்டினார். நான் வளைவில் நின்று என் துப்பட்டாவை வீசி, வருகிற பஸ்களை மெதுவாகப் போகச் சொன்னேன். அரைமணி நேரத்தில் மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால், டொக் என்ற சத்தத்தோடு சரி. நான்கு வருடம் சோம்பிக் கிடந்த பேட்டரிக்குத் தெம்பில்லை. இருவரும் ஒரே நேரத்தில் புது வண்டியைப் பார்த்தார்கள். அதன் பேட்டரியைக் கழற்றி இதில் வைத்ததும் இஞ்சின் உறுமியது. சாவியால் ஸ்டார்ட் ஆன சத்தத்தைக் கேட்டு அண்ணனே திடுக்கிட்டார்.

நாற்காலிகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு அண்டாக்களை ஏற்றிக்கொண்டு போனோம். பந்தி அரைமணி தாமதம். எல்லோரையும் பாயில் உட்கார வைத்தோம். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு என்று மாப்பிள்ளை வீட்டார் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

புது வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக், எலி ஒரு வயரைக் கடித்திருக்கிறது, சென்சார் சரியாகத்தான் எச்சரித்திருக்கிறது என்றார். இதை அண்ணனிடம் சொன்னபோது நெடுநேரம் யோசித்தார்.

"எலிக்கு சென்சார் போயிருக்கும்."

அந்தப் பங்குனியில், தங்கை வீட்டு விசேஷத்துக்கு அண்ணன் மூன்று நாள் திருநாவலூர் போனார். முகூர்த்த நாட்கள், புது வண்டி மட்டும் போதவில்லை. அந்த மூன்று நாளும் முதலாளியம்மாவே, பேட்டரி மாற்றியிருந்த பழைய வண்டியை, சாவியைத் திருப்பி, கச்சிராயபாளையம் வரைக்கும் போய்வந்து லோடு அடித்தார். ஒரு தரம்கூட அது மக்கர் பண்ணவில்லை.

அண்ணன் திரும்பி வந்ததும் முதல் கேள்வியே, வண்டிய யாரு எடுத்தாங்க என்பதுதான். அம்மா ஆர்டர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"யாரு எடுக்கறது? நீ இல்லாம அது எவனுக்கும் ஸ்டார்ட் ஆவல."

ஆமாண்ணா, நானும் திருப்பிப் பார்த்தேன், அசையவே இல்லை என்றேன் நான்.